வயிற்றுக்குள் ஓர் உருண்டை: கத்தியின்றிக் கரையுமா?

ஹஜ்ஜுப் பெருநாளன்று ஆட்டின் போட்டியைக் கழுவிச் சுத்தம் செய்திருக்கும் சகோதரிகளே! இரைப்பையைப் பிளந்து கவிழ்க்கும்போது, சில வேளைகளில் உள்ளே பாலித்தீன் பை ஒன்று சுருண்டு, புல்லும் ரோமமும் ஒட்டிக்கொண்டு, பந்துபோல் கிடப்பதைக் கண்டு முகம் சுளித்திருப்பீர்கள். வாயில்லாப் பிராணி, கண்டதையும் மேய்ந்துவிட்டது என்று அதை வீசி எறிந்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பீர்கள். அதுபோன்ற உருண்டை மனித வயிற்றிலும் உருவாகக்கூடும் என்றால் நம்புவீர்களா?

நம்பித்தான் ஆகவேண்டும். உண்ட உணவு சில மணி நேரத்தில் அரைபட்டு, கூழாகி, இரைப்பையைவிட்டு இறங்கிவிட வேண்டும் என்பது படைத்தவன் நம் உடலுக்கு வகுத்த ஒழுங்கு. இவ்வொழுங்கு குலையும்போது நாரும் தோலும் விதையும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. இரைப்பையின் சளி அவற்றை ஒட்டவைக்கிறது. மேலும் மேலும் உண்பதெல்லாம் அதன்மீது படிந்து இறுகுகிறது. இதனை மருத்துவ உலகம் 'பெஸோவர்' என அழைக்கின்றது. வேறு காரணத்துக்காக எண்டாஸ்கோப்பி செய்யப்படும் நூறு பேரில் ஒருவருக்குக்கூட இது காணப்படுவதில்லை என்பதால் அரிய நோய் என்றே சொல்லலாம். ஆயினும், இது யாருக்கு வரும் என்பதை முன்கூட்டியே ஓரளவு சொல்லிவிட முடியும். அந்த 'யார்' நம் இல்லங்களில் நிறையவே இருக்கின்றார்கள். அதனாலேயே இக்கட்டுரை.

முதலில் அப்பெயரைப் பார்ப்போம். அது நமக்கு அந்நியமானதன்று. பாரசீகத்தில் 'பாத்' என்றால் காப்பது. 'ஜஹர்' என்றால் நஞ்சு. நஞ்சிலிருந்து காப்பது என்னும் பொருள்படும் 'பாத்ஜஹர்' என்ற சொல்லே அரபியில் திரிந்து, பின்னர் ஐரோப்பிய மொழிகளில் 'பெஸோவர்' ஆயிற்று. காட்டாட்டின் வயிற்றில் கிடைத்த இவ்வுருண்டைகளை நஞ்சு முறிக்கும் மாமருந்தென அக்காலத்தோர் போற்றினர். அல்-பிரூனி தம் 'கிதாபுல் ஜமாஹிர்' என்னும் இரத்தின நூலில் இதற்கும் இடம் ஒதுக்கியுள்ளார். இஷ்பீலியா நகரில் வாழ்ந்து 1162-இல் மறைந்த மருத்துவ மேதை இப்னு ஸுஹ்ர் இதன் மருத்துவப் பயனைப் பற்றி எழுதியவர். நம் நாட்டுக் கோல்கொண்டாவிலிருந்து இக்கல் வணிகத்துக்குப் போனதைப் பதினேழாம் நூற்றாண்டில் இங்கு வந்த பிரெஞ்சு இரத்தின வணிகர் தவர்னியே குறித்துவைத்திருக்கிறார். கோவாவில் இருந்த ஏசு சபையினரோ, அசல் கல்லுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டதும், பல சரக்குகளைக் கலந்து உருட்டி, 'கோவாக் கல்' என்று பொன் பேழையில் வைத்து விற்றனர்.

இம்மாயையை உடைத்தவர் பிரெஞ்சு அரச மருத்துவர் அம்புருவாஸ் பரே. 1560-களில், வெள்ளிப் பாத்திரம் திருடித் தூக்குத்தண்டனை பெற்ற சமையற்காரன் ஒருவனுக்கு, நஞ்சையும் பெஸோவர் கல்லையும் சேர்த்துக் கொடுத்துச் சோதனை செய்தார்கள். பிழைத்தால் விடுதலை என்பது ஒப்பந்தம். அவன் சில மணி நேரம் துடிதுடித்து மாண்டான். இன்று எந்த மருத்துவ அறநெறிக் குழுவும் இத்தகைய சோதனைக்கு அனுமதி தராது. 1603-இல் இங்கிலாந்தில் ஒருவர் நூறு பவுன் கொடுத்து வாங்கிய கல் போலியென்று பொற்கொல்லர்மீது வழக்குத் தொடுத்தார். 'இது பெஸோவர் கல் என்று அவர் சொன்னாரேயொழிய, உறுதிமொழி அளிக்கவில்லையே' என்று நீதிமன்றம் பொற்கொல்லர் பக்கமே நின்றது. வாங்குபவனே விழிப்பாயிருக்க வேண்டும் என்ற வணிகச் சட்ட மரபுக்கு இவ்வழக்கை இன்றும் எடுத்துக்காட்டுவர். நாட்டு மருந்துக் கடையில் விற்கும் கோரோசனையும் இதுவும் ஒன்றென எண்ணிவிட வேண்டா. கோரோசனை மாட்டின் பித்தப்பையில் விளைவது. அதன் கதை வேறு.

அன்று அரசர்கள் பொன் கொடுத்து வாங்கிய பொருளை, இன்று பொருள் கொடுத்து வெளியேற்ற வேண்டியிருக்கிறது!

யாருக்கு வருகின்றது?

தேன்கனிக்கோட்டை, தளி, அஞ்செட்டிப் பக்கத்து இல்லம் ஒன்றை மனத்தில் கொள்ளுங்கள். நீங்கள் நன்னா என்றோ அத்தா என்றோ அழைக்கும் பெரியவருக்கு எழுபது வயது கடந்துவிட்டது. மேல்வயிற்றின் நடுவே நீண்டதொரு தழும்பு இருக்கின்றது. 'அந்தக் காலத்தில் அல்சருக்கு ஆபரேஷன் செய்தார்கள்' என்பார். தென்னிந்தியாவில் சிறுகுடல் முகப்புப் புண் மிகுதியாக இருந்த காலம் அது. வயிற்றுக்குச் செல்லும் வேகஸ் நரம்பை வெட்டி, இரைப்பையைச் சிறுகுடலோடு நேரே இணைத்துவிடுவது அன்றைய வழக்கமான அறுவை. ஹெலிகோபாக்டர் என்னும் கிருமியே பெரும்பாலான புண்களுக்குக் காரணம் என்பதை ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மார்ஷல், வாரன் இருவரும் 1982-இல் கண்டறிந்தனர். 2005-இல் அவர்களுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அதன்பின், மாத்திரைகளாலேயே புண் ஆறத் தொடங்க, அவ்வறுவை அருகிப்போயிற்று. ஆனால், அன்று அறுவை செய்துகொண்டவர்கள் இன்னும் நம்மிடையே வாழ்கின்றார்கள். நரம்பு அறுபட்ட இரைப்பை மந்தமாகவே அசையும், அமிலமும் குறைவு, பெரிய துண்டுகளை அரைக்கும் ஆற்றலும் இல்லை. அத்துடன் பல்லும் போய்விட்டதென்றால், விழுங்கிய நார் அங்கேயே தங்கிவிடுவதில் வியப்பென்ன?

இரண்டாவது கூட்டத்தார் நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகள். 2023-இல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். – இன்டியாப் ஆய்வின்படி, தமிழகத்தில் வயதுவந்தோரில் 14.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் உள்ளது. இந்நோய் காலின் நரம்பைக் கெடுப்பதை அனைவரும் அறிவோம். இரைப்பையின் நரம்பையும் அது கெடுக்கும் என்பதைப் பலர் அறியோம். காலையில் உண்ட இட்லி மாலையில் வாந்தியாக அப்படியே வெளிவந்தால், அது வெறும் 'கேஸ் டிரபிள்' அன்று என உணர வேண்டும். உடல் எடையைக் குறைக்கவும் சர்க்கரையைக் குறைக்கவும் அண்மைக்காலமாக ஊசியாக எடுத்துக்கொள்ளப்படும் சில புதிய மருந்துகளும் இரைப்பையின் வேகத்தைக் குறைப்பவையே. அவற்றைப் பயன்படுத்துவோர் அதனை மருத்துவரிடம் மறைத்தல் கூடாது.

இனி, உணவு. கிருஷ்ணகிரி மாவட்டம் மாம்பழத்துக்குப் பெயர்பெற்றது. நார் மிகுந்த மாங்காயைச் சக்கையோடு விழுங்குதல், பனங்கிழங்கை நார் உரிக்காமல் மெல்லுதல், ஆரஞ்சுச் சுளையை மேல்தோலுடன் விழுங்குதல், முருங்கைக்காயின் சக்கையைத் துப்பாதிருத்தல் ஆகியவை இளம் பற்களும் நல்ல இரைப்பையும் உள்ளவருக்குத் தீங்கற்றவை. மேற்சொன்ன இரு கூட்டத்தாருக்கோ எச்சரிக்கை தேவை. உலக அளவில் இவ்வகையில் மிகவும் பெயர் கெட்ட பழம் ஒன்றுண்டு. சீனா, ஜப்பான், கொரியா நாடுகளில் விரும்பி உண்ணப்படும் 'பெர்ஸிமன்'. நம் குன்னூரிலும் விளைகின்றது. பெங்களூர்ப் பழக்கடைகளிலும் தக்காளியைப் போன்ற தோற்றத்தில் அடுக்கிவைத்திருப்பார்கள். பீடி சுற்றும் இலையைத் தரும் மரமும் இதே இனத்ததே. முழுமையாகக் கனியாத பெர்ஸிமனிலுள்ள துவர்ப்புச் சத்து, இரைப்பை அமிலத்தைச் சந்தித்ததும் பசையாகி, நாரையும் புரதத்தையும் பிணைத்துச் சிமெண்ட்போல் கெட்டிப்படுகிறது. வெறும் வயிற்றில், அதுவும் நிறைய உண்பது கேடு. நோன்பு திறந்தவுடன் புதிய பழம் என்று ஆர்வத்தோடு இதனை உண்ண விழைவோர் இதைக் கவனத்தில் கொள்க.

நோன்புக் காலத்தைப் பேசியதால் மற்றொன்றையும் சொல்லிவிடுகிறேன். இஃப்தாருக்குச் சர்பத்தில் இடும் சப்ஜா விதையும், மலச்சிக்கலுக்கு உட்கொள்ளும் இசப்கோல் உமியும் நீரை உறிஞ்சிப் பன்மடங்கு ஊதுபவை. அவை குவளையில் ஊறட்டும். தொண்டையில் ஊறக் கூடாது. இசப்கோலை ஒரு மிடறு நீரில் கலக்கி விழுங்கிவிட்டு உடனே படுத்துக்கொள்ளும் முதியவர்களுக்கு, அது உணவுக் குழாயிலேயே அடைத்துக்கொண்ட நிகழ்ச்சிகள் மருத்துவ ஏடுகளில் உண்டு.

கத்தியின்றிக் கரைக்கும் வழிகள்

மேல்வயிற்றில் பாரம், இரண்டு கவளத்திலேயே வயிறு நிறைந்ததுபோன்ற உணர்வு, நாற்றமுள்ள ஏப்பம், வாந்தி, மெலிவு ஆகியவை கண்டால் எண்டாஸ்கோப்பி செய்து பார்ப்பார்கள். வாய்வழியே விளக்கும் ஒளிப்படக் கருவியும் பொருத்திய மெல்லிய குழாயைச் செலுத்தும் பரிசோதனை அது. மஞ்சளும் பச்சையும் கலந்த உருண்டை அங்கே தென்படும். 'கட்டி' என்று மருத்துவர் சொன்னதும் வீட்டார் புற்றுநோயென அஞ்சி அழத் தொடங்குவதுண்டு. இது சதையில் முளைத்த கட்டியன்று, உணவின் கட்டி.

இதற்கு மூன்று வழிகள் உள்ளன. முதலாவது கரைத்தல், இரண்டாவது உடைத்தல், இவ்விரண்டும் பலிக்காதபோது மூன்றாவதாக அறுவை.

கரைத்தலில் இன்று முதலிடம் பெற்றிருப்பது எது தெரியுமா? கோக்க கோலா! நகைச்சுவையன்று. ஏதென்ஸ் நகரத்து லாதாஸ் என்ற மருத்துவரும் அவர்தம் குழுவினரும் 2002-இல் ஐந்து நோயாளிகளுக்கு, மூக்கின் வழியே செலுத்திய குழாய் மூலம் மூன்று லிட்டர் கோலாவைப் பன்னிரண்டு மணி நேரத்தில் உட்செலுத்தி, இரைப்பையைக் கழுவி, உருண்டை கரைந்துபோனதை வெளியிட்டனர். 2013-இல் அவர்களே, பத்தாண்டுகளில் பல நாடுகளில் இம்முறையால் சிகிச்சை பெற்ற 46 பேரின் விவரங்களைத் தொகுத்தனர். அவர்களுள் பாதிப்பேருக்குக் கோலா மட்டுமே போதுமாயிருந்தது. மேலும் 19 பேருக்கு, கோலாவால் இளகிய உருண்டையை எண்டாஸ்கோப்பி மூலம் உடைத்தெடுத்தார்கள். கத்தியை நாட வேண்டியிருந்தவர்கள் நால்வரே.

அப்பானத்தின் அமிலத்தன்மை ஏறத்தாழ இரைப்பை அமிலத்தை ஒத்தது. அதிலுள்ள கரியமில வாயுக் குமிழிகள் நாரின் இடுக்குகளில் புகுந்து அதனைப் பிரிக்கின்றன, சளிப்பசையும் இளகுகின்றது. இவ்வாறே மருத்துவர்கள் இதனை விளக்குகின்றனர். பெர்ஸிமன் உருண்டை மட்டும் இதற்கும் எளிதில் இணங்குவதில்லை. பெரும்பாலும் உடைத்தலும் சேர்ந்தே தேவைப்படுகின்றது. சர்க்கரை நோயாளிக்கு மூன்று லிட்டர் இனிப்புப் பானமா எனத் திடுக்கிடுவீர்கள். சர்க்கரை இல்லாத வகையைப் பயன்படுத்திப் பலன் கண்ட ஜப்பானிய மருத்துவர்களும் உள்ளனர். இப்பானத்தையே புறக்கணித்துவரும் இல்லங்கள் நம்மில் பல உண்டென்பதையும் அறிவேன். மருத்துவமனையில் மருந்தாகக் கொடுப்பது வேறு, விருந்தில் பருகுவது வேறு என்பது என் கருத்து. முடிவு உங்களுடையது, மருத்துவரிடம் மாற்று வழியையும் கேட்கலாம்.

மாற்று வழி உண்டு. நாரின் உடலாகிய செல்லுலோஸை அறுக்கும் நொதி மனிதனிடம் இல்லை. மாட்டுக்கு அதன் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அவ்வேலையைச் செய்து தருகின்றன. அந்நொதியாகிய செல்லுலேஸை மாத்திரையாகவோ கரைசலாகவோ கொடுக்கும் முறை 1968-இலிருந்தே மருத்துவ ஏடுகளில் பேசப்படுகின்றது. (மாடும் எல்லாவற்றையும் செரித்துவிடுவதில்லை. 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை ஐந்து மணி நேரத்துக்கும் மேலாக அறுவை செய்து எடுத்தார்கள்.)

பிரியாணிக்கு முற்றிய ஆட்டிறைச்சி வேகாதபோது பச்சைப் பப்பாளியை அரைத்துத் தடவுவீர்களே, அப்பப்பாளிப் பாலின் நொதியையும் ஒரு காலத்தில் அமெரிக்காவில் இதற்குக் கொடுத்தார்கள். இறைச்சியை மென்மையாக்க அங்கே கடையில் விற்கும் பொடியையே நீரில் கரைத்துக் கொடுத்தனர். அந்நொதி புரதத்தை அறுப்பது. இரைப்பையின் சுவரும் புரதம்தானே! சிலருக்குப் புண் உண்டாயிற்று. சிலருக்கு இரத்தத்தில் உப்பு மிகுந்தது. உணவுக் குழாய் துளைபட்டவர்களும் உண்டு. ஆதலால் அது கைவிடப்பட்டது. 'இயற்கைப் பொருள்தானே' என்று பப்பாளிப் பாலை வீட்டில் குடித்துப் பார்க்கும் விபரீதத்தில் இறங்கவேண்டா.

உடைத்தல் என்பது எண்டாஸ்கோப்பி வழியே கம்பிச் சுருக்கு, இடுக்கி, வலைக் கூடை முதலியவற்றைச் செலுத்தி உருண்டையைத் துண்டு துண்டாக்குவது. பொறுமை வேண்டிய வேலை. ஒரே அமர்வில் முடியாமல் இரண்டு மூன்று நாள்கள் நீள்வதும் உண்டு. முதல்நாள் கோலாவால் இளக்கி, மறுநாள் உடைத்தால் எளிது.

இத்தனையும் படித்துவிட்டு, கடைக்குச் சென்று மூன்று பாட்டில் வாங்கி வந்து வீட்டிலேயே சிகிச்சையைத் தொடங்கிவிடாதீர்கள். இதனை அழுத்தமாகச் சொல்லக் காரணம் உண்டு. உருண்டை பாதி கரைந்து சிறிதானால், இரைப்பையின் வாயிலைக் கடந்து சிறுகுடலில் போய் அடைத்துக்கொள்ளக்கூடும். அது உயிருக்கே உலைவைக்கும் அடைப்பு. அதற்கு அறுவையே வழி. அறுவையைத் தவிர்க்கப்போய் அவசர அறுவையில் முடிந்த நிகழ்ச்சிகள் எழுதப்பட்டுள்ளன. வயிறு உப்பி, வலி விட்டுவிட்டு முறுக்கி, வாயுவும் மலமும் பிரியாது, பச்சையாக வாந்தி எடுத்தால், ஒரு துளியும் பருகாமல் 108-ஐ அழைத்துவிட வேண்டும்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து ஓசூர் ஏறத்தாழ 25 கிலோமீட்டர். கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்டது. ஓசூரைத் தாண்டினால் கர்நாடகமும் பெங்களூரின் பெருமருத்துவமனைகளும். எல்லையைக் கடக்குமுன், உங்களிடமுள்ள முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டையை அம்மருத்துவமனை ஏற்குமா என்று தொலைபேசியில் கேட்டுவிடுவது நல்லது. அவசரம் இல்லாத நோயில் இதற்கு நேரம் உண்டு.

மயிர் உருண்டை

இதுவரை சொன்னது நார் உருண்டை. இரண்டாவது வகை ஒன்றுண்டு. அதைப் பற்றி எழுதும்போது மனம் கனக்கின்றது. தம் தலைமயிரையே பிய்த்து உண்ணும் சிறுமியர் வயிற்றில் உருவாவது அது. 1779-இலேயே பிரான்சில் இதனைக் குறித்துள்ளார்கள். மயிர் செரிப்பதில்லை, வழுவழுப்பாயிருப்பதால் இரைப்பையின் அசைவுக்கும் சிக்காமல் அதன் மடிப்புகளில் தங்கி, ஆண்டுக்கணக்கில் சேர்ந்து, இரைப்பையின் வடிவத்தையே அச்சாகக் கொண்டுவிடும். சிலருக்கு வால்போன்று சிறுகுடலுக்குள்ளும் நீளும். 2020 ஜனவரியில் கோயம்புத்தூரில் 13 வயது மாணவி ஒருவரின் வயிற்றிலிருந்து அரைக் கிலோ முடியும் காலியான ஷாம்பு உறைகளும் எடுக்கப்பட்ட செய்தி நாளேடுகளில் வந்தது. எண்டாஸ்கோப்பியால் இயலாமற் போகவே அறுவை செய்தார்கள்.

கோலா மயிரைக் கரைக்காது. நொதியும் கரைக்காது. சிறிய அளவாயின் எண்டாஸ்கோப்பியால் எடுக்கலாம்; பெரும்பாலும் அறுவைதான். எனவே, இங்கே அறுவையைத் தவிர்க்க ஒரே வழி, முன்னரே கண்டுகொள்வது. உங்கள் மகளின் தலையில் ஓரிடத்தில் மட்டும் முடி குறைந்திருக்கிறதா? முக்காட்டுக்குள் அது மறைந்திருக்கலாம். பரீட்சை நேரத்தில், சண்டை நடந்த நாளில், தனிமையில் அவள் விரல் கூந்தலைச் சுற்றுகிறதா? சாக்பீஸ், மண், பச்சரிசி தின்னும் பழக்கம் உண்டா? முகம் வெளுத்திருக்கிறதா? இரும்புச்சத்துக் குறைவு இவர்களிடம் அடிக்கடி காணப்படுவது.

அடிக்காதீர்கள், ஏளனம் செய்யாதீர்கள். ஷைத்தானின் வேலை என்று தாயத்துக்கு அலைந்து மாதங்களை வீணாக்காதீர்கள். திருமணப் பேச்சு கெட்டுவிடும் என்று மறைக்கவும் வேண்டா. துஆச் செய்யுங்கள், மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். இது மனத்தின் ஒரு தவிப்பு. பயிற்சியாலும் ஆலோசனையாலும் மாறக்கூடியது. உருண்டையை எடுத்துவிட்டு மனத்தைக் கவனியாது விட்டால் அது மீண்டும் உருவாகும். உங்கள் பகுதியினருக்கு இதில் ஒரு வசதி: நாட்டின் தலைசிறந்த மனநல நிறுவனமாகிய நிமான்ஸ், பெங்களூரில் ஓசூர்ச் சாலையின்மீதே இருக்கின்றது. அவ்வளவு தொலைவு போகுமுன், 14416 என்ற எண்ணில் அரசின் 'டெலி மானஸ்' ஆலோசகரிடம் பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய இச்சேவை கட்டணமில்லாதது, தமிழிலும் கிடைப்பது.

கைக்குழந்தை உள்ள தாய்மாருக்கும் ஒரு வரி. 'பிள்ளை கொழுகொழுவென்று வளரட்டும்' எனப் பால்மாவைக் கெட்டியாகக் கரைத்துக் கொடுத்தால், அது குறைமாதக் குழந்தையின் இரைப்பையில் தயிர்க்கட்டிபோல் உறையக்கூடும். பெரும்பாலும் பாலை நிறுத்தி, நரம்பு வழியே நீர் ஏற்றினாலே கரைந்துவிடும். தாய்ப்பால் இருக்க டப்பாவைத் தேடாதிருப்பது அதனினும் எளிது.

உருண்டை கரைந்தவர் மீண்டும் பழைய வழக்கத்துக்குத் திரும்பினால், மறுபடியும் அது சேர இடமுண்டு. காய்கறியை விலக்கச் சொல்லவில்லை. நன்றாக வேகவைத்து, மசித்து, சக்கையை நீக்கிக் கொடுக்கவேண்டும். பழத்தைத் தோலும் கொட்டையும் நீக்கிச் சிறு துண்டுகளாக்குங்கள். ராகிக் களி மென்மையானதுதான். அதனோடு வரும் கீரையின் தண்டைப் பொடியாக நறுக்குங்கள். ஒரே வேளையில் வயிறு முட்ட ஊட்டாமல், நான்கைந்து வேளையாகப் பிரியுங்கள். பல்செட்டு தளர்ந்திருந்தால் அதைச் சரிசெய்வதும் வயிற்றுக்கான வைத்தியமே.

இவ்விதழை மூடிவைத்துவிட்டு, உங்கள் இல்லத்துப் பெரியவரிடம் அவருக்கு எந்த ஆண்டில், எந்த ஊரில், என்ன அறுவை நடந்தது என்று கேட்டு ஒரு தாளில் எழுதிவையுங்கள். பழைய சீட்டுக் கிடைத்தால் அதனையும் அத்துடன் இணைத்திடுங்கள். கிடைக்காவிட்டால், அடுத்தமுறை மருத்துவரிடம் செல்லும்போது சட்டையை உயர்த்தி அந்தத் தழும்பைக் காட்டச் சொல்லுங்கள், அவர் புரிந்துகொள்வார்.